மஞ்சள் வைத்துக் கொடுத்த தாள்

பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்து, பின்னாளில் தன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த என் அன்பு மச்சான் கோமதிநாயகம்,

அடுத்த வாரம் உனக்கு முதல் வருஷத் திதி. செண்பகம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். உன் மகன் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. சேனைக்கிழங்கு உண்டு. எல்லாம் முறைப்படி நடக்கும், கவலைப்படாதே.

ஆனால் இலையில் உனக்குச் சோறு வைப்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டுத் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருக்கும்போது எனக்கு அது தெரியாது. தெரிந்தபோது நீ இல்லை. நாற்பது வருஷம் செய்தி எழுதிய கை, உனக்கு ஒரு கடிதம் எழுத ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்துக்கொண்டுவிட்டது. இதை உன்னிடம் மட்டும் கேட்டால் போதாது, ஊரும் கேட்க வேண்டும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

நீ இறந்தபோது இரங்கல் குறிப்பை நான்தான் எழுதினேன். சொந்தக்காரன் எழுதினால் மிகைப்படும் என்று வேறு யாரையாவது எழுதச் சொன்னேன். பத்திரிகை ஆசிரியர் கேட்கவில்லை. நீ தலைமையாசிரியராக இருந்த பள்ளியைப் பற்றி, நீ கணக்கு நடத்தும் விதம் பற்றி எழுதிவிட்டு, இப்படி ஒரு வரியும் சேர்த்தேன்: ‘கொரோனா காலத்தில் பள்ளிகளைத் திறக்கலாமா என்று அரசு கேட்டபோது, பெற்றோர் மனதில் இருந்ததை அப்படியே மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவர்.’

அந்த வரி பொய். பொய் என்று தெரியாமல் நான் எழுதினேன். தெரிந்தே நீ எனக்கு அதைக் கொடுத்திருந்தாய்.

உனக்கு நினைவிருக்கும். படிக்கிறவர்களில் பலர் மறந்திருப்பார்கள் என்பதால் சொல்லிக்கொள்கிறேன். முதல் ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. தறிகள் ஓடின. பூச்சந்தையில் முகக்கவசம் எல்லோர் தாடையிலும் தொங்கியது. டீக்கடையில் நின்று குடிக்கலாம், உட்காரத்தான் பெஞ்ச் கிடையாது. அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவையே ஊர் வீட்டுக்குள் இருந்து கும்பிட்டது. பள்ளிக்கூடங்கள் மட்டும் பூட்டிக் கிடந்தன. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை திறக்கலாமா வேண்டாமா என்று பெற்றோரைக் கூட்டிக் கேட்கும்படி எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவு வந்தது.

ஊர் இரண்டாகத்தான் பேசியது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் நான் காதால் கேட்டதை அப்போது குறித்து வைத்திருக்கிறேன். “பிராந்திக் கடையத் தொறந்தாச்சு. அங்க வராத கிருமி பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பஸ் ஏறி வந்திருமாவே?” என்றார் ஒருவர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் பதில் சொன்னார்: “அப்போ ஒம்ம பிள்ளைய மொதல்ல அனுப்பும் வே. ஒரு மாசம் பாத்துட்டு நான் எம் பிள்ளைய அனுப்புதேன்.” இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அந்த நேரத்து மனசு அப்படித்தான் இருந்தது.

நீ ஒழுங்கானவன். கூட்டத்துக்கு முதல் நாளே பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்கு வரச் சொல்லித் தாளைக் கொடுத்து அனுப்பினாய். பிள்ளையின் பெயர், வகுப்பு. கீழே இரண்டு கட்டம். மேல் கட்டத்தில் டிக் போட்டால் திறக்கலாம், கீழ்க் கட்டத்தில் போட்டால் வேண்டாம். அதற்கும் கீழே, சொல்ல விரும்புவதைச் சொல்ல நான்கு கோடு. பெயரும் வகுப்பும் வீட்டில் எழுதிக்கொண்டு வரலாம், டிக் மட்டும் பள்ளிக்கு வந்து போட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். யாரும் வீட்டில் மிரட்டிப் போடவைக்கக் கூடாது என்பதற்காக என்று என்னிடம் விளக்கம் வேறு சொன்னாய். நான் மெச்சினேன்.

நான் வருவதாக இருந்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். கூட்டம் என்றால் தலையை எண்ணுவேன். தாள் என்றால் தாளைப் பார்ப்பேன். ஆர்ப்பாட்டத்தில் எத்தனை பேர் என்று கட்சிக்காரர் சொன்னதையும் போலீஸ் சொன்னதையும் ஓரமாக வைத்துவிட்டு, எதிர்க் கடை மாடியில் ஏறி நின்று எண்ணுகிறவன் என்று நீயே பலரிடம் கேலி பேசியிருக்கிறாய்.

காலையில் நீ போன் செய்தாய். “நீ வராத மாப்ள. வீட்டுல செண்பகம் இருக்கா. நாலு பேரு மூச்சுக் காத்த வாங்கிட்டுப் போயி அவளுக்குக் கொடுத்திராத. எண்ணி முடிச்சு நானே சொல்லுதேன்.”

செண்பகத்துக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்த நேரம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். உன் பள்ளியில் தமிழாசிரியை. உன் தங்கை. நீ சொன்னது எனக்கு அக்கறையாகத்தான் கேட்டது. கண் கலங்கியது என்றுகூடச் சொல்வேன். நான் போகவில்லை.

சாயங்காலம் நான்தான் கூப்பிட்டேன். “பெரும்பாலும் வேண்டாம்னுதான் சொல்லுதாவ மாப்ள,” என்றாய். “பயம். நாம என்ன செய்ய.” ஒரு பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சை இப்போது எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் உள்பக்கத்தில் செய்தி வந்தது. சங்கரன்கோவில் பள்ளியில் பெற்றோர் பலர் எதிர்ப்பு. நான் எழுதியது, என் வார்த்தை. பார்த்து எழுதிய செய்திக்கும் கேட்டு எழுதிய செய்திக்கும் பேப்பரில் எழுத்து ஒன்றுதான், மச்சான். வாசிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இனி முப்பிடாதி வருகிறாள். உனக்கு அவளை முகம் தெரிந்திருக்கலாம். ராஜபாளையம் சாலைப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் வேலை. அவள் மகள் உன் பள்ளியில் அப்போது பிளஸ் ஒன். மகளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் வரும்.

உன் முப்பதாம் நாள் கழிந்து இரண்டு நாள் இருக்கும். காலையில் தறிக்குப் போகிற வழியில் சோற்று வாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உன்னைப் பற்றி நான் எழுதியதைப் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துச் சொல்லியிருக்கிறான். அந்தப் பேப்பர்த் துண்டை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

“பெரிய சார் நல்ல மனுசர்தான் அண்ணாச்சி. செத்துப்போனவரக் குத்தம் சொல்ல வரல,” என்று ஆரம்பித்தாள். “ஆனா இதுல போட்டிருக்கது தப்பு. நாங்க வேண்டாம்னு சொல்லல.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வருஷம் பல ஆகிவிட்டது, மறந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யாரிடமும் நான் அப்படிச் சொல்வதில்லை. உனக்காகச் சொன்னேன்.

“மறக்குமா? மஞ்ச வச்சுக் கொடுத்த தாளு அண்ணாச்சி அது.”

அவள் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். தாளில் பெயரும் வகுப்பும் மகள் எழுதினாள். தாய்க்கு வாசிக்கத் தெரியாது என்பதால், மேல் கட்டம், மேல் கட்டம் என்று விரலை வைத்து மூன்று தடவை காட்டிக்கொடுத்தாள். கிளம்பும்போது முப்பிடாதி மஞ்சளைக் குழைத்துத் தாளின் நாலு மூலையிலும் வைத்தாள். கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், ரேஷன் கார்டு என்று நல்லதுக்குப் போகிற எந்தத் தாளுக்கும் அவள் அப்படி வைப்பாளாம். “பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணமாம்மா?” என்று மகள் சிரித்திருக்கிறாள். பள்ளியில் போய் மேல் கட்டத்தில் டிக் போட்டு, தான் எழுதத் தெரிந்த ஒரே வார்த்தையான தன் பெயரையும் போட்டுப் பெட்டியில் இட்டுவிட்டு வந்தாள். தன்னோடு வரிசையில் நின்ற தறிக்காரப் பெண்கள் பலரும் திறக்கச் சொன்னதாகத்தான் பேசிக்கொண்டார்கள் என்றாள். வீட்டில் போன் ஒன்று, அதுவும் தகப்பனிடம். பிள்ளைகள் தறிக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். திறந்தால்தான் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் என் செய்தி வந்தது. மகளை ராயகிரியில் அத்தை மகனுக்குக் கொடுப்பதென்று தகப்பன் வீட்டில் அப்போது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி திறந்துவிடும், படிக்கட்டும் என்று முப்பிடாதி பிடி கொடுக்காமல் இருந்தாள். தகப்பன் டீக்கடையிலிருந்து பேப்பரைக் கையோடு கொண்டுவந்து காட்டியிருக்கிறான். பெற்றவர்களே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, இனி எங்கே திறக்க என்று கேட்டிருக்கிறான். நான் திறக்கத்தான் சொன்னேன் என்று இவள் சொன்னதற்கு அவன் சொன்ன பதிலை, சொன்ன மாதிரியே சொன்னாள்:

“அப்போ பேப்பர்க்காரன் பொய்யா போடுதான்?”

தை மாதம் கல்யாணம். பதினெட்டு நிறையவில்லை. சத்தமில்லாமல் நடந்த எத்தனையோ கல்யாணங்களில் அதுவும் ஒன்று. ஆளில்லாமல் திருவிழா நடந்த வருஷத்தில் கல்யாணத்தை யார் எண்ணினார்கள்?

“கெட்டிக்கொடுத்துப் போற அன்னைக்கு எம்மவ என்னையப் பாத்துச் சொன்னா,” என்றாள் முப்பிடாதி. “ஒனக்கு எழுத்துத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வேண்டாம்னு டிக் போட்டிருக்கன்னா. அதோட பேச்சு நின்னுபோச்சு. பேரன் பொறந்து இப்போ பால்வாடிக்குப் போறான். நான் தூக்குனதில்ல.”

இதுவரை அழாமல் சொன்னாள். அதன் பிறகு சொன்னதைத்தான் அவளால் நேராகப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். எழுத்துத் தெரியாதவள்தானே, பதற்றத்தில் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் மேல் கட்டம் கீழ்க் கட்டம் ஆகியிருக்குமே என்று.

“அந்தத் தாளு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் மாத்திப் போட்டிருந்தாலும் சொல்லுங்க. தாங்கிக்கிடுதேன்.”

பள்ளிக்குப் போனேன். உன் நாற்காலியில் இப்போது ஒரு அம்மா. கண்டிப்பானவர், ஆனால் வழி விடுகிறவர். அலுவலக உதவியாளர் இரும்பு பீரோவின் அடித்தட்டிலிருந்து தாள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இத யாரும் அவுக்கவே இல்ல சார். மேல போனது போன்ல அனுப்புன எண்ணிக்கை மட்டும்தான். தாள யாரு கேட்டா? அன்னைக்குப் பெரிய சாரே கெட்டி வச்சாவ.” முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது. விடைத்தாள் கட்டுக்கு நீ போடும் இரட்டை முடிச்சு.

அவிழ்க்க எனக்கு நேரம் பிடித்தது. உள்ளே இரண்டு அடுக்கு. ஒன்றை ஒரு கையால் தூக்க முடியவில்லை. மற்றது விரல் கனம். கனமான அடுக்கின் மேல் ஒரு துண்டுச் சீட்டில் ‘திறக்கலாம்’ என்று உன் கையெழுத்து, கீழே எண்ணிக்கை. மெலிந்த அடுக்கின் மேல் ‘வேண்டாம்’, அதன் எண்ணிக்கை. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் நீ மறுகூட்டல் செய்தால் போடும் சின்னக் கோடு.

நான் அப்போதும் நம்பவில்லை. மதியம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். உதவியாளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “யாரு சார் ஜெயிக்கா?” என்று கேட்டார். உன் எண்ணிக்கை சரியாக இருந்தது, மச்சான். ஒன்றுகூடப் பிசகவில்லை. நீ கணக்கு வாத்தியார்.

எண்ணாமல் சொல்லியிருந்தால் அவசரம் என்று விட்டிருப்பேன். மாற்றி எண்ணியிருந்தால் தவறு என்று எழுதியிருப்பேன். நீ எண்ணி, சரிபார்த்து, எழுதி வைத்து, முடிச்சும் போட்டுவிட்டு, அதன் பிறகு நான் போனில் கேட்டபோது எனக்கு மாற்றிச் சொன்னாய். உதவியாளர் சொன்ன அந்தப் போன் எண்ணிக்கையையும் அப்படி மாற்றித்தான் அனுப்பியிருக்கிறாய். கல்வி அலுவலகத்தில் உன் பெயருக்கு நேரே அதுதான் பதிவாகியிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டேன்.

தாள்களின் அடியில் இருந்த நான்கு கோடுகளில் அவர்கள் எழுதியிருந்ததையாவது படித்தாயா? ‘ஆண் பிள்ளை தறிக்குப் போய்ப் பழகிவிட்டான், இனி தாமதித்தால் வர மாட்டான்.’ ‘ஒரு ரூமில் ஆறு பேர் இருக்கோம். வகுப்பில் இதைவிட இடம் இருக்கும்.’ மெலிந்த அடுக்கில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘ஒரே மகள். படிப்பு அடுத்த வருசம் வரும். மகள் வருவாளா?’ அந்தப் பயத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்த கோடையில் ஊர் என்ன பாடு பட்டது என்பதை வீடு வீடாகப் போய் எழுதியவன் நான்.

முப்பிடாதியின் தாளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கனமான அடுக்கின் நடுவில் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் காய்ந்து காவி நிறத்தில் கிடந்தது. மேல் கட்டத்தில் ஒரு டிக், போதாதென்று அதன் மேலேயே இன்னொரு டிக். பேனா அழுந்தித் தாள் கிழிகிற அளவு. கீழே கோணல் எழுத்தில் முப்பிடாதி.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் எனக்கும் போன் பண்ணுனான்,” என்றாள். “நீ கவலைப்படாம ஊசியப் போட்டு முடி, இப்போதைக்குத் தொறக்காதுன்னான். எனக்கு லீவு எல்லாம் ஆபரேஷனுக்கே தீந்துபோச்சு. தொறந்தா நான் போய் நிக்கணும். ஒடம்புல எதிர்ப்பே இல்லன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அண்ணன் எப்படிச் சொல்லுதான்னு எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நான் கேக்கல.”

“இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடவா?”

“நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

உண்மைதான், கோமதிநாயகம். நான் கேட்கவில்லை. உன் குரல் போதும் என்று இருந்துவிட்டேன். ஊரில் யார் சொன்னாலும் போய்ப் பார்ப்பவன், நீ சொன்னதால் பார்க்கவில்லை. அது உனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ பொய் சொல்ல வேண்டும் என்று ஆனபோது, சோதித்துப் பார்க்காத ஒரே ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாய்.

காலையில் என்னை வராதே என்றாயே, அது செண்பகத்துக்காகவா, அந்த அடுக்குகளை நான் பார்க்கக் கூடாது என்பதற்காகவா? காலையிலேயே முடிவு செய்துவிட்டாயா? அல்லது எண்ணிப் பார்த்து, திறக்கலாம் என்ற அடுக்கு உயர உயர, உன் தங்கையின் துண்டு கட்டிய தலை நினைவுக்கு வந்ததா? இரண்டில் எது என்று தெரிந்தால் உன் மேல் கோபப்படுவதா இல்லையா என்று எனக்கு முடிவாகிவிடும். சொல்லாமல் போய்விட்டாய்.

செண்பகம் இன்று நன்றாக இருக்கிறாள். தலையில் முடி வந்து, நரையும் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டி வருகிறோம். அவள் உயிரோடு இருப்பது நீ சொன்ன பொய்யால் என்று சொல்ல முடியுமா? முடியாது. உன் ஒரு பள்ளியின் தாள்களால் மாநிலம் முடிவெடுக்கவில்லை. நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் திறப்பு தள்ளித்தான் போயிருக்கும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்ததால் அது எனக்குத் தெரியும். அப்படியானால் உன் பொய் எதைத்தான் மாற்றியது? என் செய்தியை மாற்றியது. என் செய்தி ஒரு வீட்டுக்குள் போய் ஒரு தாயின் வாயை அடைத்தது.

உனக்குப் பயமாக இருந்தால் பயம் என்று சொல்லியிருக்கலாமே. தலைமையாசிரியர் பள்ளி திறக்க அஞ்சுகிறார், அவர் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று உன் பெயரிலேயே போட்டிருப்பேன். ஊர் உன்னைத் திட்டியிருக்காது. அந்த மாதங்களில் பயப்படாதவர் யார்? உன் பயத்தை எடுத்து முப்பிடாதியின் வாயில் வைத்துப் பேசினாய். அவள் வாய் உனக்கு என்ன பாவம் செய்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தத் தாள்களை நீ எரித்திருக்கலாம். கரையானுக்குக் கொடுத்திருக்கலாம். ஓய்வு பெற்றுப் போகும்போது பழைய காகிதத்தோடு போட்டிருக்கலாம். உண்மையான எண்ணிக்கையை உன் கையால் எழுதி, மேலே வைத்து, இரட்டை முடிச்சுப் போட்டுப் பத்திரமாக வைத்தாய். யாராவது ஒரு நாள் அவிழ்ப்பார்கள் என்றா? அந்த யாராவது நான்தான் என்று நினைத்தாயா?

தாளைக் கண்டதுமே முப்பிடாதியிடம் சொல்லிவிட்டேன். மாற்றிப் போடவில்லை, மேல் கட்டம்தான், இரண்டு டிக் என்றேன். தறிக்கூட வாசலில் நின்றபடி கேட்டாள். “ரெண்டா?” என்று கேட்டாள். பிறகு, “பயந்துபோய் ரெண்டு போட்டிருக்கேன்,” என்று சிரித்தாள். மகளிடம் நான் வந்து சொல்கிறேன் என்றேன். பேப்பரில் திருத்தம் போடுகிறேன் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு மாதக்கணக்கில் போகவும் இல்லை, போடவும் இல்லை. திருத்தம் என்றால் உன் பெயர் வரும். செண்பகத்தின் நோய் வரும். நடுவில் ஒரு நாள் காலையில் முப்பிடாதி எங்கள் தெரு வழியாகப் போனாள். வாசலில் நான் நிற்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். சோற்று வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நீ செய்ததை நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

போன மாதம் ராயகிரி பஸ் ஏறினேன். முப்பிடாதியையும் கூப்பிட்டேன். “என்னையப் பாத்தா அவ உள்ள போயிருவா. நீங்க போங்க,” என்று விட்டாள். பள்ளியில் ஜெராக்ஸ் தருவதாகச் சொன்னார்கள். அதில் மஞ்சள் கறுப்பாகத்தான் விழுந்தது. அதனால் அனுமதி கேட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பெண் வீட்டில் இருந்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். யார் என்று சொன்னேன். அந்தச் செய்தி எழுதியவன் நான்தான் என்றும் சொன்னேன். படத்தை எடுத்து நீட்டினேன். போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, முதலில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு மூலைகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். கட்டத்துக்குக் கடைசியாகத்தான் வந்தாள். அங்கே நிறைய நேரம் இருந்தாள்.

“எங்கம்மாதான்,” என்றாள். கொஞ்சம் கழித்து, “அப்போ வேண்டாம்னு யாரு சார் சொன்னது?”

சொன்னேன்.

“பெரிய சாரா?” என்று கேட்டாள். உன்னிடம் கணக்குப் படித்தவள். பிளஸ் டூ முடித்தால் கல்லூரிக்கு நீயே விண்ணப்பம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாயாம். “சாரு அப்படிச் சொல்ல மாட்டாவளே,” என்றாள். நான் சொன்ன அதே வார்த்தை, மச்சான். துண்டுச் சீட்டைப் பார்த்தபோது நானும் வாய்விட்டு அதைத்தான் சொன்னேன். உன்னை நம்பியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் ஏமாந்திருக்கிறோம்.

படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். வாசல் வரை வந்து கேட்டாள்: “இத பேப்பர்ல போடுவீங்களா?” போடுவேன் என்றேன். “எங்கம்மா பேரப் போடுங்க. நல்லா தெரியுற மாதிரிப் போடுங்க. எம் பேரு வேண்டாம். இங்கன நான் இருக்கணும்லா.”

தாயிடம் பேசினாளா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை அல்ல. இரண்டு நாள் கழித்து முப்பிடாதி எங்கள் வாசலைக் கடந்து போனாள். தறிக்கூடம் இருக்கும் பக்கமாகப் போகவில்லை. கையில் சோற்று வாளி இல்லை. ஒரு பையில் தின்பண்டமா விளையாட்டுச் சாமானா என்று தெரியாத ஏதோ இருந்தது. சிவகிரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சிவகிரி போனால் ராயகிரி பக்கம்தான்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் செண்பகத்திடம் வாசித்துக் காட்டினேன். அவள் நோயைப் பற்றிய வரிகளை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். “நான் கேக்காம இருந்ததயும் போட்டிருக்கீங்கள்லா, அதுவும் இருக்கட்டும்,” என்றாள். பிறகு எழுந்து போய் உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திட்டினாளா, கும்பிட்டாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் தப்புச் செய்தி பெரிதாக வரும், அதன் திருத்தம் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும். இது அப்படி வராது. உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது: திதியன்று உனக்கு இலை போட்டு, படையலுக்கு முன்னால், உன் மகன், செண்பகம், வந்திருக்கும் சொந்தம் எல்லோரும் கேட்க, கீழே உள்ளதை உரக்க வாசிப்பேன். வாசித்த பிறகு உனக்குச் சோறு வைப்பேன். இனி எவன் குரலை நம்பியும், அது என் வீட்டுக் குரலாகவே இருந்தாலும், தாளைப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன்.

திருத்தம்: கொரோனா ஊரடங்கின்போது நடந்த கருத்துக் கேட்பில், சங்கரன்கோவில் பள்ளி ஒன்றின் பெற்றோர் பலர் பள்ளி திறப்பை எதிர்த்ததாக எழுதியிருந்தேன். அது தவறு. அவர்களில் பெரும்பாலோர் திறக்கச் சொன்னார்கள். முப்பிடாதி திறக்கச் சொன்னாள்.

உன் தங்கையைக் கட்டியவன்,
இன்னமும் உன் மாப்பிள்ளைதான்,
ஆவுடையப்பன்